கல்லறையில் சொல்லிக்கொண்டு வந்தவள்

மீத் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. அயர்லாந்தில் கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆனால் நம்மூர் மாவட்டங்களில் உயிரோடு இருக்கிறவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார்கள், இங்கே செத்தவர்கள். ஐயாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்தவர்களுக்குக் கல்லை அடுக்கிக் கட்டிக்கொடுத்த வீடுகள் மேட்டுக்கு ஒன்றாக இன்றைக்கும் நிற்கின்றன, பெருமழைக்கும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது என்கிறார்கள். உயிரோடு இருக்கிற எனக்கும் உலகம்மாளுக்கும் நாவன் ஊரில் வாடகைக்குக் கிடைத்த மாடி ரூமோ நவம்பரில் ஒழுக ஆரம்பித்தால் மார்ச் வரைக்கும் ஒழுகும். நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தோம். நான் சமையலறையில், அவள் படுக்கையில் கிடக்கிறவர்களைக் குளிப்பாட்டித் துடைத்துப் புரட்டிப் படுக்க வைக்கிற வேலையில்.

உலகம்மாளுக்கு ஊர் தென்காசிப் பக்கம் கடையம். புருஷன் லாரி ஏறிச் செத்தபோது மகள் ஆவுடைக்கு நாலு வயது. ஐந்து வயதில் அவளைத் தங்கை கோமதியிடம் விட்டுவிட்டு, வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இவள் கிளம்பி வந்தாள். ஒரு வருடத்தில் வந்துவிடலாம் என்றுதான் வந்தாள். ஆனால் காகிதம் சரியாகாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது என்றார்கள், காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவே ஒரு வருடம் ஆயிற்று, நடுவில் கொரோனா வந்து மேஜைகளையே மூடிவிட்டது, இப்படியே ஏழு வருடம் ஓடிப்போயிற்று. அங்கே கடையத்தில், சாயங்காலம் ஐந்தரைக்குத் தென்காசி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் போதும், ஆவுடை எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பாளாம். கோமதி போனில் இதை ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னாள், அன்றைக்கு உலகம்மாள் சாப்பிடவில்லை.

இனிமேல் அந்த ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். மாதத்தின் முதல் திங்கள்கிழமை இங்கே பொது விடுமுறை என்பதால் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு பஸ் பிடித்து, புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு, கவுண்டியில் இருக்கிற பழமையான இடங்களையெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று புறப்பட்டது. வழிகாட்டியாக நூலா என்கிற அம்மாள் வந்தார், ஐம்பது வயதிருக்கும், பேச ஆரம்பித்தால் மழையே ஒதுங்கி நின்று கேட்கும். தாரா குன்றில் பழைய அரசர்களுக்கு முடிசூட்டிய கல் ஒன்று இருக்கிறது, உண்மையான அரசன் தொட்டால் அது அலறுமாம். எல்லாரும் வரிசையில் நின்று தொட்டோம், சங்கத் தலைவர் இரண்டு தடவை தொட்டார், கல் வாயைத் திறக்கவில்லை. ட்ரிம் கோட்டையில் படியேறி மூச்சு வாங்கினோம், கெல்ஸில் உருளைக் கோபுரத்தின் கீழ் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். கடைசியாக நியூகிரேஞ்ச். பெரிய கல்லறை, பெரிய கூட்டம், முன்பதிவில் ஏதோ கோளாறாகி எங்களில் பதினோரு பெண்களுக்கு டிக்கெட் இல்லாமல் போயிற்று.

முகம் வாடிப்போன எங்கள் பதினோரு பேரையும் நூலா தனியாக அழைத்துக்கொண்டு, எந்தப் பலகையும் இல்லாத ஒரு சின்னக் கல்லறைக்குக் கூட்டிப்போனார். டோனல் என்கிற ஆட்டுப்பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலத்தில் அது இருந்தது, அதன் இரும்புக் கதவின் சாவி அவர் வீட்டு அடுப்படியில் ஓர் ஆணியில் தொங்கியது. குனிந்து, ஒருக்களித்து, இருபது அடி நடைபாதையில் ஊர்ந்து போனால் உள்ளே மூன்று பக்கமும் மூன்று சிறிய அறைகள், கல்லில் சுழி சுழியாகக் கோலம், ஓர் அறையில் ஆட்டுரல் அளவுக்குக் குழிந்த ஒரு கல். எரித்த எலும்புகளை அந்தக் குழியில்தான் வைப்பார்கள் என்றும், பெரியவர் பிள்ளை என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரையும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள் என்றும் நூலா சொன்னார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒவ்வொருவராக வெளியே ஊர்ந்தோம்.

உலகம்மாள்தான் கடைசி, அவளுக்கு முன்னால் நான். எனக்குப் பின்னால் அவள் சுவரில் உள்ளங்கையை வைத்து, அடுத்த வீட்டில் காபி குடித்துவிட்டு எழுந்திருக்கிறவள் மாதிரி, "போயிட்டு வாரேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நம்மில் யாரும் சாவு வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டோம். கல்யாண வீட்டில் சொல்லாமல் வந்தால் குற்றம், சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தால் குற்றம். அங்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். இது உலகம்மாளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அழுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாத அந்த வீடு அவளுக்குச் சாவு வீடாகத் தோன்றவில்லை, மூன்று அறையும் உரலும் இருந்ததால் வெறும் வீடாகத்தான் தோன்றியிருக்கிறது. நான் திரும்பி, "ஏட்டி, என்ன சொல்லுத, இது செத்தவங்க இடம்லா" என்று கேட்டிருக்கலாம். இடுப்பு வலித்தது, வெளியே போனால் போதும் என்றிருந்தது, கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று முதியோர் இல்லத்தின் பின்வாசலைத் தாண்டிய உலகம்மாள், பதினாறு மைல் தள்ளி அந்தக் கல்லறையின் உள்ளே காலை வைத்தாள். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. நடைபாதையில் ஊர்ந்து வந்து, பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்று, ஆட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த டோனலை "சார்" என்று கூப்பிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாவியை எடுத்துவந்து கதவைத் திறந்துவிட்டு, தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டாராம். எப்படி உள்ளே வந்தாய் என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அவள் வாரேன் என்று சொன்னாளே ஒழிய எப்போது என்று சொல்லவில்லை, எத்தனை தடவை என்றும் சொல்லவில்லை. ஐயாயிரம் வருடமாக வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு, படம் பிடித்துவிட்டு, பேசாமல் போய்க்கொண்டே இருந்த இடத்தில் முதன்முதலாக ஒருத்தி திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அங்கே இருக்கிற செத்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவள் எந்த வாசலைத் தாண்டினாலும் அந்த வாசலுக்கு அந்தப்புறம் கல்லறையாக இருந்தது. பிறகு எப்படி எங்கள் ரூமுக்குள் நுழைவாய் என்று நான் அவளைக் கேட்டேன், டோனலின் மனைவிதான் ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார்: இது வீடில்லை, வெறும் ரூம் என்று மனசில் சொல்லிக்கொண்டே காலை வை. பலித்தது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் அடுத்தவர் உடம்பைத் தூக்கிப் புரட்டிய மனசுக்கு வேலையை விட்டுக் கிளம்பும்போது அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா, வீடு என்றுதான் நினைத்துத் தொலைக்கும்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தேவதைகள் குடியிருக்கின்றன என்று ஒரு முள்மரத்தை வெட்டப் பயந்து சாலையையே வளைத்துப் போட்ட கதைகளைக் கூசாமல் சொல்லுகிற ஜனங்கள் அவர்கள், எனவே இது பெரிய விஷயமாகப் படவில்லை. டோனல் கதவைப் பூட்டுவதை நிறுத்தினார், நடைபாதை முனையில் ஒரு டார்ச்சும் மழைக்கோட்டும் வைத்தார், ஆடு ஏற்றுகிற வேனில் தினமும் அவளை நாவனுக்குக் கொண்டுவந்து விட்டார். முதியோர் இல்லத்தில் அவளுடைய ஷிப்டை மாற்றி, டோனல் ஆட்டுக்குத் தீனி வைக்கிற நேரத்துக்குத் தோதாக முடியும்படி வைத்தார்கள். புராதனச் சின்னங்களைப் பராமரிக்கிற அலுவலகத்திலிருந்து, அனுமதியில்லாமல் சின்னத்துக்குள் பிரவேசிப்பது குற்றம் என்று ஒரு கடிதம் வந்தது. அவள் பிரவேசிப்பதில்லை, வெளியே மட்டும்தான் வருகிறாள் என்று நூலா பதில் எழுதினார். வெளியே வருவது குற்றம் என்று அவர்கள் சட்டத்தில் எங்கும் இல்லாததால் வருடம் முழுவதும் செல்லுபடியாகிற இலவச பாஸ் ஒன்றை அனுப்பி வைத்தார்கள். எங்கள் சங்கத்தில் இரண்டு கூட்டம் போட்டுப் பேசி, திருநீறு மந்திரித்துக் கட்டலாம் என்று ஒரு கட்சியும் பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபிக்கலாம் என்று ஒரு கட்சியும் சண்டை போட்டு, கடைசியில் பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிப்பதைப் பற்றி முடிவெடுத்துக் கலைந்தார்கள்.

குளிர்காலம் தொடங்கியபோது கல்லறை வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. எல்லாரும் வயதானவர்கள், சிட்னிக்கும் பாஸ்டனுக்கும் டொராண்டோவுக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள். பிரைடி என்று ஓர் அம்மாள், மகன் போய் முப்பத்தைந்து வருடம் ஆகிறது, மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருப்பார். உலகம்மாள் இருட்டிலிருந்து குனிந்து வெளியே வந்து நிமிர்ந்து நிற்பாள், அவர்கள் பார்ப்பார்கள், சிலர் தொப்பியை எடுப்பார்கள், பிறகு அவரவர் வழியே போய்விடுவார்கள். வாரேன் என்று சொன்ன ஒருத்தி வருவதை ஒரு தடவை கண்ணால் பார்ப்பதற்காக அத்தனை தூரம் மழையில் வந்தார்கள். நானும் நாலைந்து நாள் அங்கே நின்று பார்த்திருக்கிறேன்.

மார்ச் மாதம் காகிதம் வந்தது. போகலாம், திரும்பி வரலாம், எல்லாம் சரி. உலகம்மாள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ரூமுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். டப்ளின் விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். பெட்டியைப் போட்டாயிற்று, சோதனை முடிந்தாயிற்று, விமானத்தின் வாசலில் பணிப்பெண் கும்பிடு போட்டு வரவேற்க இவள் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், வைத்த கால் கல்லில் பட்டது. பெட்டி மட்டும் திருவனந்தபுரம் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

ஏப்ரலில் மறுபடியும். இந்தத் தடவை நாங்கள் எல்லாரும் யோசனை சொன்னோம். வீட்டை நினைக்காதே, துபாய் சுற்றிப்பார்க்கப் போகிறதாக நினை, ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஏறு, பல் பிடுங்கப் போகிறதாக நினை. அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போனாளாம். ஏழு ஏழு நாற்பத்தொன்பது வரைக்கும் வந்துவிட்டாள். கடைசி அடியில் ஆவுடை முகம் வந்துவிட்டது. பிள்ளையைப் பார்க்கப் போகிற தாய் வேறு எதைத்தான் நினைப்பாள். அன்றைக்குக் கல்லறையிலிருந்து வெளியே வந்தவளைப் பார்த்து யாரும் தொப்பியை எடுக்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நூலா எங்கள் ரூமுக்கு வந்தது மே மாதத்தில். அவர்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்தில் இங்கிருந்து யாராவது அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறார்கள் என்றால், முந்தின நாள் வீட்டில் சாவுக்கு விழித்திருப்பது போலவே ஊர் கூடி விழித்திருக்குமாம். போகிறவன் உயிரோடு நடுவில் உட்கார்ந்திருக்க, அவனுக்குச் சாவுப்பாட்டுப் பாடி அழுது முடித்துவிட்டு அனுப்புவார்களாம். திரும்பி வரமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும், எனவே வருகிறேன் என்று போகிறவனும் சொல்ல மாட்டான், வா என்று இருக்கிறவர்களும் சொல்ல மாட்டார்கள்.

"எங்காளுங்க உண்மையைச் சொல்லி அழுதுட்டுப் போனாங்க. நீங்க வாரேன்னு சொல்லிட்டுப் போறீங்க. சொன்ன சொல்லை நிறைவேத்து, இல்லேன்னா சொன்ன இடத்துலயே திருப்பி எடுத்துக்கோ. வேற வழி எனக்குத் தெரியல" என்றார் நூலா.

போகும்போது படியில் நின்று ஒன்று கேட்டார்: "அதே சொல்லை வேற யாருக்காவது குடுத்திருக்கியா? ஒரு ஆளு ஒரே சொல்லை ரெண்டு இடத்துல குடுத்தா, ஒரு இடத்துல எடுக்கும்போது ரெண்டு இடத்துலயும் கழண்டு வந்துரும்னு எங்கம்மா சொல்லுவாங்க."

உலகம்மாள் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு ராத்திரி முழுவதும் அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் தூங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் பேசாமல் கல்லறைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். தன்னால் போக முடியாவிட்டாலும் பிள்ளை எதிர்பார்த்துக்கொண்டாவது இருக்கட்டுமே என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு திங்கள்கிழமை கோமதி போன் செய்தாள். "யக்கா, பிள்ள ஆளாயிட்டா. தண்ணி ஊத்த விடமாட்டேங்கா. அம்ம வந்துதான் ஊத்தணும்னு மூலையில குத்தவச்சு உக்காந்துருக்கா. சோறு திங்கல. பால மட்டும் குடிக்கா. நீ வந்துரு யக்கா." பின்னால் ஆவுடையின் குரல் கேட்டது, "வருவாளா சித்தி, கேளு, வருவாளா." உலகம்மாள், வாரேன் என்று சொல்லாமல், டிக்கெட் எடுக்கேன் என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் டோனலின் கொட்டகையில் அவளுக்கு விருந்து வைத்தார்கள். ஹாம் வைத்த சாண்ட்விச்சும் பழக்கேக்கும் இருந்தன, நாங்கள் வடை சுட்டுக்கொண்டு போனோம், ஒருவர் பிடில் வாசித்தார், பாட்டு சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தது. உலகம்மாளை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் துக்கத்துக்கு வருந்துகிறோம், உன் துக்கத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இங்கே செத்தவர் வீட்டாரிடம் சொல்லுகிற வார்த்தை அது. அவளோ வழியனுப்புகிறார்கள் என்று நினைத்து எல்லாருக்கும் தலையாட்டித் தேங்க்ஸ் சொன்னாள். பிரைடி மட்டும் கையை விடவில்லை. நாளையிலிருந்து அந்த அம்மாள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார் என்று நான் நினைத்துப் பார்த்தேன், ஆனாலும் அவளைப் போகாதே என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை, விமான நிலையத்துக்குப் போகிற வழியில், பகல் ஒரு மணிக்குக் கல்லறைக்கு வந்தோம். வந்தது வேனில், வாசல் வழியாக, முதல் நாள் வந்த மாதிரியே. நானும் கூடவே உள்ளே போனேன். அவள் அதே சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நம் பெண் பிள்ளைகள் வாசலில் நின்று சொல்லக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து வாயில் அடித்து வளர்த்த வார்த்தையை அவள் சொல்ல வேண்டியிருந்தது. நாலு தடவை வாயைத் திறந்து மூடினாள். ஐந்தாவது தடவை, "நான் போறேன். இனி வரமாட்டேன்" என்று சொன்னாள். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, கல் அலறவில்லை. அவள் மட்டும் அந்தக் குழிந்த கல்லைப் பார்த்து, "மன்னிச்சிருங்க, பிள்ள உக்காந்துருக்கா" என்று சொல்லி அழுதாள்.

இங்கே பகல் ஒரு மணி என்றால் அங்கே சாயங்காலம் ஐந்தரை. தென்காசி பஸ் வந்து நின்றது, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. மூலையில் இருந்த ஆவுடை எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எழுந்துவந்து, பசிக்குது, தண்ணி ஊத்துங்க என்று சொன்னாளாம். கோமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருகிற அக்காவுக்கு நல்ல செய்தியாக இருக்கட்டும் என்று அன்றைக்கே அத்தைமார்களைக் கூப்பிட்டு மஞ்சத்தண்ணி ஊற்றிவிட்டாள்.

விமானத்தின் வாசல் விமானத்துக்குள் திறந்தது. உலகம்மாள் ஆவுடையை நினைத்துக்கொண்டே ஏறினாள், பிள்ளையின் முகத்தை ஆசைதீர நினைத்துக்கொண்டே போனாள், ஒன்றும் ஆகவில்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்ஸி பிடித்து, செங்கோட்டை வழியாகக் கடையத்துக்கு வெள்ளிக்கிழமை பகலில் போய்ச் சேர்ந்தாள். அவளே என்னிடம் போனில் சொன்னதைத்தான் இனிச் சொல்கிறேன், அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசல் திறந்திருந்தது, கோமதியைக் காணவில்லை. புதுப் பாவாடை தாவணியில், தலை ஈரம் உலராமல், தன்னைவிட ஒரு விரற்கடை உயரமாக ஒரு பெண் கூடத்தில் நின்றது. உலகம்மாளைக் கண்டதும் தாவணியைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக, "வாங்க" என்றது. டாக்ஸிக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உலகம்மாள் "ஆவுடை" என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் முகம் கோணாமல், தன் பெயர் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்கிற லேசான யோசனையோடு, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டியது.

"உக்காருங்க. அம்ம பூ வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துருவா."